வரி இறங்கியது; பில்லில் இறங்கியதா?

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் மரவள்ளியில் மாவுப்பூச்சி, கரும்பில் இடைக்கணுப்புழு, நெல்லில் குலைநோய் என்று பேசுகிறவன் நான். இன்றைக்கு வரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "வேளாண்மை அலுவலருக்கும் வரிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். சம்பந்தம் என் மேசைக்கே தேடி வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கடைசி வாரம். சின்னசேலம் பக்கத்து விவசாயி ஒருவர், எனக்கு நாலைந்து வருடமாகப் பழக்கம், அலுவலகத்துக்கு வந்தார். உட்காரும்போதே முகம் சரியில்லை.

"சார், டிராக்டர் டயருக்கு வரி குறைஞ்சிடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். நேத்துதான் ரெண்டு பின்டயர் மாத்தினேன். ஒரு பைசா குறையலையே?"

"பில்லைக் காட்டுங்கண்ணே" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்தார். 'டயர் 2, ரூ.47,200' என்று எழுதியிருந்தது. கடையின் வரி எண் இல்லை. வரி எவ்வளவு என்ற வரியும் இல்லை.

"இது பில் இல்லையேண்ணே."

"எஸ்டிமேட்டுன்னாங்க சார். பில் வேணும்னா தனியா வரி கட்டணும்னு சொன்னாங்க."

நல்லவேளையாக ஆடி மாதத்திலேயே அதே கடையில் விலை கேட்டு ஒரு துண்டுச்சீட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் டயர் 40,000, வரி 7,200, ஆக 47,200 என்று தெளிவாக இருந்தது. அதாவது அன்றைய 18 சதவீத வரி. செப்டம்பர் 22ஆம் தேதி முதல் டிராக்டர் டயருக்கும் ட்யூபுக்கும் வரி 5 சதவீதம். நாற்பதாயிரத்துக்கு இரண்டாயிரம்தான். 42,000 கொடுக்க வேண்டிய இடத்தில் இவர் 47,200 கொடுத்திருக்கிறார். ஐயாயிரத்து இருநூறு ரூபாய்! ஒரு ஏக்கர் மரவள்ளிக்குக் களை எடுக்கிற கூலியில் பெரும்பகுதி அது.

இதைப் போல அந்த மாதத்தில் இன்னும் சிலர் வந்தார்கள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, விதையளவும் உரஅளவும் சொல்லிக் கொடுக்கிற நாம் பில் படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிப்ரவரி முதல் தேதி டில்லியில் பட்ஜெட் படிக்கிறார்கள். டீக்கடையில் எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து "டிராக்டர் விலை குறையுமா, பைக் விலை குறையுமா" என்று பார்க்கிறோம். அந்தக் காலத்தில் அது சரி. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு பெரும்பாலான பொருள்களின் வரி பட்ஜெட்டில் முடிவாவது இல்லை. ஜி.எஸ்.டி. கவுன்சில் என்று ஒரு சபை இருக்கிறது. மத்திய நிதியமைச்சர் அதன் தலைவர். எல்லா மாநிலத்து அமைச்சர்களும் உறுப்பினர்கள். ஓட்டு என்று வந்தால் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு பலம், மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. நாலில் மூன்று பங்கு ஆதரவு இருந்தால்தான் தீர்மானம் நிறைவேறும். இந்தச் சபை 2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடித்தான் 12 சதவீதம், 28 சதவீதம் என்ற இரண்டு படிகளையும் எடுத்துவிட்டு, பெரும்பாலான பொருள்களை 5, 18 என்ற இரண்டு படிகளுக்குள் கொண்டுவந்தது. அது பட்ஜெட் நாள் அல்ல. ஆகவே வருடத்தில் எந்த மாதத்திலும் வரி மாறலாம்; பட்ஜெட் அன்றைக்கு மட்டும் காது கொடுத்தால் போதாது.

விற்பனை வரிக்கும் நம்ம பக்கத்துக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது கல்வராயன் மலைக்கு அந்தப்புறம் இருக்கிற சேலம் மாவட்டத்தில்தான். கள்ளு, சாராய வருமானம் நின்றுபோன பள்ளத்தை நிரப்ப 1939இல் பொது விற்பனை வரி வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் சென்னை. பிறகு 2007 ஜனவரியில் வாட், 2017இல் ஜி.எஸ்.டி. பெயர்தான் மாறி மாறி வந்தது.

இப்போது நம் உபகரணங்களைப் பார்ப்போம். வயலில் ஓட்டுகிற டிராக்டருக்கு 12 சதவீதம் இருந்தது 5 ஆயிற்று. வரி சேர்க்காத விலை 7 லட்சம் என்று வைத்துக்கொண்டால் வரி 84,000 இருந்தது 35,000 ஆகும். மிச்சம் 49,000. உழவு, அறுவடை, கதிரடி இயந்திரங்களுக்கும் 12இலிருந்து 5. சொட்டுநீர், தெளிப்புநீர்க் கருவிகளுக்கும் அப்படியே. சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம் கிடைக்கிறபடியால் அவர்கள் கைக்கு இந்தக் குறைப்பு நேராகத் தெரியாது. 75 சதவீத மானியத்தில் போடுகிற மற்றவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நுண்ணூட்டச் சத்துகளுக்கும் உயிரியல் பூச்சிக்கொல்லிகளுக்கும் 12இலிருந்து 5. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், பிவேரியா, வேம்பு சார்ந்த மருந்துகள் எல்லாம் இதில் வரும். ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. மரவள்ளி வேரழுகலுக்கு டிரைக்கோடெர்மா போடுங்கள் என்று நான் தொண்டை வற்றக் கத்தியதைவிட இந்த வரி வித்தியாசம் அதிகம் பேசும் என்று நினைக்கிறேன்.

எல்லாம் இறங்கிவிடவில்லை. கிணற்றில் இறக்குகிற மின்மோட்டார் பம்பு இருக்கிறதே, அதற்கு 2022 ஜூலை 18ஆம் தேதி 12இலிருந்து 18க்கு வரியை ஏற்றினார்கள். 2025இல் டிராக்டர் இறங்கியபோது பம்பு இறங்கவில்லை. பி.வி.சி. குழாய்க்கும் 18தான். ஆனால் 15 குதிரைத்திறனுக்கு மேற்படாத டீசல் எஞ்சினுக்கு 5. மின்சாரத்தில் ஓடுவதற்கு 18, புகை விடுவதற்கு 5! இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். டிராக்டர் வாங்குகிறவரைவிட மோட்டார் மாற்றுகிறவர்தான் நம் ஜில்லாவில் அதிகம். இது குறைய வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

மீண்டும் அந்த டயர்க் கடைக்கு வருகிறேன். அண்ணன் தம் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு மறுநாள் கடைக்குப் போனார். "வரி பில் கொடுங்க" என்று கேட்டார். கடைக்காரர் சொன்ன பதில், "இது பழைய ஸ்டாக்குங்க. நான் 18 கட்டி வாங்கினது. 5க்கு எப்படிக் கொடுப்பேன்?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் படுகிறது. இந்த இடத்தில்தான் ஜி.எஸ்.டி. எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏரித் தண்ணீர் வாய்க்காலில் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி டயரை மொத்த வியாபாரிக்கு விற்கும்போது வரி வாங்கி அரசுக்குக் கட்டுகிறது. மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்கு விற்கும்போது வரி வாங்குகிறார்; தான் முன்னே கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுகிறார். சில்லறைக் கடைக்காரரும் அப்படியே. இந்தக் கழிவுக்கு உள்ளீட்டு வரி வரவு என்று பெயர். நடுவில் உள்ளவர் யார் கையிலிருந்தும் வரி போவது இல்லை. கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் மொத்தமும் இறங்கும். ஏரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராது. வரி மட்டும் தவறாமல் வந்து சேர்ந்துவிடும். அந்தக் கடைமடைக்காரர் நாம்தான்.

ஆகவே கடைக்காரர் 18 கொடுத்து வாங்கியிருந்தாலும் அது அவர் கணக்கில் வரவாக நிற்கிறது. வேறு பொருள் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். பழைய ஸ்டாக் என்பதற்காக நம்மிடம் பழைய வரி வாங்க முடியாது. விற்கிற தேதியில் என்ன வரியோ அதுதான். பில்லும் முன்பே போட்டு, பணமும் முன்பே கட்டி, சரக்கு மட்டும் பின்னால் வந்திருந்தால்தான் பழைய வரி.

இதைச் சொன்னதும் அந்தக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே 42,000க்கு பில் போட்டு 5,200ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாக் கடையிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் கழித்து இன்னொருவர் வேறொரு கடையில் அதே மாதிரி டயர் வாங்கி பில்லைக் கொண்டுவந்தார். வரி 5 சதவீதம் சரியாகப் போட்டிருந்தது. ஆனால் டயரின் விலை 40,000 அல்ல, 43,500. வரியோடு 45,675. வரி குறைந்தது போலவும் ஆச்சு, விலை குறையாதது போலவும் ஆச்சு! இதற்குச் சட்டத்தில் பிடி இல்லை. வரி குறைப்பின் பலனை மறைத்துக்கொள்வதைத் தடுக்க ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அதில் புதுப் புகார் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே நாம்தான் இரண்டு கடை ஏறி இறங்கி, 'வரி சேர்க்காம என்ன விலை?' என்று கேட்க வேண்டும். மொத்த விலையைக் கேட்டால் ஏமாந்தோம். தவறான வரி போட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

பில்லில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கடையின் ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்போசிஷனில், உள்ள சிறு கடைகள் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவே கூடாது. அப்படிப்பட்ட கடை வாசலில் போர்டு வைத்திருக்க வேண்டும். அந்தக் கடைகளுக்கு உள்ளீட்டு வரவு கிடையாது என்பதால் பழைய ஸ்டாக் என்று அவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரிலேயே உழவுக் கலப்பையும் கேஜ் வீலும் செய்கிற வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. அவர்கள் பாடு வேறு மாதிரி. இரும்புக்கு 18 சதவீதம். செய்து விற்கிற கலப்பைக்கு 5. ஐம்பதாயிரத்துக்கு இரும்பு வாங்கினால் 9,000 வரி கொடுக்கிறார். அதில் செய்த கலப்பைகளை 90,000க்கு விற்றால் வாங்குகிற வரி 4,500தான். மீதி 4,500 கணக்கில் தேங்கி நிற்கிறது. திரும்பக் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அதற்குக் கணக்கர் வேண்டும், காகிதம் வேண்டும், பொறுமை வேண்டும். ஒரு பட்டறைக்காரர் என்னிடம், "வரி குறைஞ்சதுல விவசாயிக்குச் சந்தோஷம். என் பணம் கம்ப்யூட்டருக்குள்ள மாட்டிக்கிச்சு சார்" என்றார். அவரிடம் போய் "வரிதான் குறைஞ்சுதே, இன்னும் குறைங்க" என்று பேரம் பேசுமுன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மலைக்குப் போவோம். வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு தம்பி சின்ன மளிகைக்கடை வைத்திருக்கிறார். கச்சிராயபாளையம் இறங்கி, பைக்கில் மூட்டை கட்டி, மலைப்பாதையில் ஏற்றிக்கொண்டு போய் விற்கிறார். வரும்போது மலையிலிருந்து புளியும் சாமையும் கொண்டுவருகிறார். வியாபாரியும் அவர்தான், வண்டி ஓட்டுகிறவரும் அவர்தான், இரண்டு ஏக்கர் மரவள்ளி விவசாயியும் அவர்தான். வரி மாற்றம் முழுவதையும் அந்த ஒரு தம்பியை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் வண்டி. 350 சி.சி.க்கு உட்பட்ட பைக்குக்கு 28 சதவீதம் இருந்தது 18 ஆயிற்று. வரி சேர்க்காத விலை 70,000 என்றால் 19,600 வரி 12,600 ஆகிறது. ஏழாயிரம் மிச்சம். பைக் டயருக்கும் பேட்டரிக்கும் உதிரி பாகங்களுக்கும் 28இலிருந்து 18. குட்டியானை, மூன்று சக்கர ஆட்டோ இவற்றுக்கும் அதே குறைப்பு. ஐந்து லட்சத்துக்கு ஐம்பதாயிரம் இறங்கும்.

ஆனால் 2023 நவம்பர் 9ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் சாலை வரியை ஏற்றியிருக்கிறார்கள். பைக்குக்கு விலையில் நூற்றுக்கு 8 இருந்தது. ஒரு லட்சத்துக்குள் இருந்தால் 10 ஆயிற்று, லட்சத்தைத் தாண்டினால் 12. எண்பதாயிரம் ரூபாய் வண்டிக்கு 6,400 கட்டிய இடத்தில் 8,000. ஒண்ணேகால் லட்ச ரூபாய் வண்டிக்குப் பத்தாயிரம் இருந்தது பதினைந்தாயிரம். ஒரு கை கொடுத்ததில் கொஞ்சத்தை இன்னொரு கை முன்னாடியே வாங்கிக்கொண்டது. பைக் வாங்கப் போகிற இளைஞர்கள் ஷோரூம் விலையை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிவிடாமல், ரோட்டுக்கு வரும் விலையைக் கேளுங்கள்.

அடுத்தது பெட்ரோல், டீசல். இங்கேதான் நிறையப் பேருக்குக் குழப்பம். ஜி.எஸ்.டி. குறைந்தபோது பெட்ரோல் ஏன் குறையவில்லை என்றால், பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்குள் இல்லவே இல்லை. கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு இந்த ஐந்தையும் 2017இல் வெளியே நிறுத்திவிட்டார்கள். மத்திய அரசுக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கலால் வரி. அதற்கு மேல் மாநிலத்துக்கு வாட் வரி. தமிழ்நாட்டில் 2020 மே மாதம் இந்த வாட் வரியின் முறையையே மாற்றினார்கள். முன்பு டீசலுக்கு நூற்றுக்கு 25 என்று இருந்ததை, நூற்றுக்கு 11, அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு என்று ஆக்கினார்கள். விலை ஏறினால் வரி பழைய மாதிரி தாவி ஏறாது. விலை இறங்கினாலும் அந்த 9.62 இறங்காது. மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும் வாங்கிக்கொள்கிற குத்தகை மாதிரி.

பிறகு 2021 ஆகஸ்ட் 13ஆம் தேதி மாநிலத் திருத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோலுக்கு லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தார். டீசலுக்குக் குறைக்கவில்லை. மத்திய அரசு 2021 நவம்பரில் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10. 2022 மே மாதத்தில் பெட்ரோலுக்கு 8, டீசலுக்கு 6 ரூபாய் கலால் வரியைக் குறைத்தது. 2025 ஏப்ரலில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார்கள். அதை எண்ணெய்க் கம்பெனிகளே ஏற்றுக்கொண்டதால் பங்க் விலையில் அப்போது தெரியவில்லை.

டீசலில் இரண்டு தவணையாகப் பதினாறு ரூபாய் வரி குறைந்ததே, அதை உழவோட்டுகிற கணக்கில் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து லிட்டர் டீசல் என்று வைத்தால் எண்பது ரூபாய். நம் ஊரில் மணி வாடகையில் எண்பது ரூபாய் குறைத்த டிராக்டர்காரர் யாரையாவது பார்த்தீர்களா? நான் பார்க்கவில்லை. இடையில் கச்சா எண்ணெய் விலை ஏறி அந்தக் குறைப்பில் பாதியைத் தின்றதும் உண்மைதான். டிரைவர் கூலி ஏறியதும் உண்மைதான். ஏறும்போது மறுநாளே ஏறுகிற வாடகை, இறங்கும்போது மட்டும் நாள் நட்சத்திரம் பார்க்கிறது.

டீசல் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதில் இன்னொரு நட்டம் உண்டு. அரிசி ஆலைக்காரரும் லாரிக்காரரும் டீசலுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாகக் கழிக்க முடியாது. அது முழுசும் செலவில் சேர்ந்து, வாடகையில் ஏறி, நாம் விற்கிற மூட்டையின் விலையில் கழிந்து, நாம் வாங்குகிற மூட்டையின் விலையில் கூடி வருகிறது. பைக்கே இல்லாத மலைக்காரக் கிழவியும் டீசல் வரி கட்டுகிறாள். உப்பு மலையேறித்தானே வருகிறது!

உழவு வாடகைக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். விவசாய இயந்திரங்களை வாடகைக்கு விடுவது, விவசாயக் கூலி ஆள் அனுப்புவது, விளைபொருளை ஏற்றி இறக்குவது, சேமித்து வைப்பது இவற்றுக்கெல்லாம் விலக்கு. நிலத்தில் விளைந்ததை விற்கிற விவசாயி ஜி.எஸ்.டி. பதிவு செய்யவும் வேண்டியதில்லை.

இப்போது அந்தத் தம்பியின் கடை. அவர் ஒருநாள் பயந்துபோய் வந்தார். "சார், கடையில கியூ.ஆர். அட்டையை எடுத்துடலாமான்னு பாக்குறேன். போன்ல பணம் வாங்கினா வரி நோட்டீஸ் வருமாமே?"

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் ஹாவேரியில் ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு 29 லட்சம் ரூபாய் வரி கேட்டு நோட்டீஸ் போயிற்று. நான்கு வருடத்தில் அவர் போன் மூலம் வாங்கிய பணம் 1 கோடியே 63 லட்சம் என்று கணக்கிட்டிருந்தார்கள். காய்கறிக்கு வரியே கிடையாது! பெரிய கூச்சல் எழுந்த பிறகு, வரி விலக்குள்ள பொருள்களை விற்றவர்களிடம் கேட்க மாட்டோம் என்று அந்த மாநில அரசு அறிவித்தது.

தம்பியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "ஒரு நாளைக்கு எவ்வளவுக்குத் தம்பி விற்கும்?" நாலாயிரம் என்றார். ஒருநாள்கூட விடாமல் விற்றாலும் வருடத்துக்கு 14 லட்சத்து 60 ஆயிரம். சரக்கு விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஏப்ரல் முதல் பதிவு வரம்பு 40 லட்சம். சேவைத் தொழில் என்றால் 20 லட்சம். அதைத் தாண்டினால்தான் பதிவு. தாண்டினாலும், ஒன்றரைக் கோடி வரைக்கும் இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்து விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டலாம். வெளிமாநிலத்துக்கு மட்டும் விற்கக் கூடாது. "கியூ.ஆர். அட்டை இருக்கட்டும். ஒரு நோட்டுப் போட்டு இன்னைக்கு என்ன வித்தது, கைமாத்து எவ்வளவு வந்ததுன்னு மட்டும் எழுதி வை" என்றேன். மச்சான் அனுப்பிய கடன் பணமும் வியாபாரப் பணமும் ஒரே கணக்கில் விழுந்தால் பார்க்கிறவருக்கு எல்லாம் வியாபாரமாகத்தான் தெரியும்.

அவர் கொண்டுவருகிற காய்ந்த புளிக்கு 2019 அக்டோபர் முதல் வரி இல்லை. சாமையை மூட்டையாக, சில்லறையாக விற்றால் வரி இல்லை. சாமை அரிசியை 25 கிலோவுக்குள் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டினால் 5 சதவீதம். இது 2022 ஜூலையிலிருந்து. வெல்லத்துக்கும் நெல்லரிசிக்கும் இதே முறைதான். மலையில் மகளிர் குழுக்கள் பாக்கெட் போடுவதைப் பார்க்கிறேன். அவர்கள் வியாபாரம் 40 லட்சத்துக்குள் இருக்கும் வரை கவலை வேண்டாம். ஷாம்பு, சோப்பு, பல்பசை, பிஸ்கட் எல்லாம் 18இலிருந்து 5க்கு வந்துவிட்டன. ஐந்து ரூபாய் பாக்கெட்டை நாலரை ரூபாய்க்கு விற்க முடியாது என்று சில கம்பெனிகள் விலையை அப்படியே வைத்து எடையைக் கூட்டின. எடையைப் படித்துப் பார்த்து வாங்குகிறவர் மலையில் எத்தனை பேர்?

குட்டியானை வைத்து மரவள்ளி, கரும்புக் கரணை ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து வண்டிக்கு மேற்படாமல் வைத்திருந்தால் வருமான வரிக்குப் பெரிய கணக்கு வேண்டாம். சிறிய சரக்கு வண்டி ஒன்றுக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டலாம். ஒரு வண்டிக்கு வருடம் 90,000. 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை என்று ஆக்கியிருக்கிறார்கள். கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் வருடா வருடம் கணக்குத் தாக்கல் செய்து வையுங்கள். அடுத்த வண்டிக்கு வங்கியில் கடன் கேட்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும். கந்துக்காரரிடம் போகாமல் காப்பாற்றும். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் டிராக்டரை அடுத்தவர் நிலத்துக்கு ஓட்டி வாங்குகிற வாடகை விவசாய வருமானம் ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் ஆகிறது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். "மானியம் வாங்கித் தர்றேன், லோன் வாங்கித் தர்றேன், ஆதார் அட்டையும் பான் கார்டும் குடுங்க, கையில அஞ்சாயிரம் தர்றேன்" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். ஏழைகள் பெயரில் இல்லாத கம்பெனியைப் பதிவு செய்து, பொய் பில் போட்டு, உள்ளீட்டு வரவைத் திருடுகிற கும்பல்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலேயே கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கோடிக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் வந்த செய்திகளைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். போன வருடம் எங்கள் பகுதியில் ஒரு அம்மாவிடம் இப்படி வாங்கிப் போயிருந்தார்கள். நல்ல காலம், போனில் வந்த ரகசிய எண்ணைக் கேட்டபோது அவர் மகள் பக்கத்தில் இருந்தாள், சொல்லவிடவில்லை. அரசு மானியத்துக்கு அட்டை நகல் கொடுப்பதாக இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் கொடுங்கள். நகலின் குறுக்கே எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இயந்திர மானியம் கேட்டு வருகிறவர்கள் எஸ்டிமேட் சீட்டைக் கொண்டுவர வேண்டாம். கடையின் எண்ணும் வரியும் தேதியும் உள்ள பில்லைக் கொண்டுவாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூட அழைத்து வாருங்கள். நானே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

அடுத்த முறை மரவள்ளிக் கரணை நேர்த்தியோடு உங்களைச் சந்திக்கிறேன்.